செயலியை நீக்கினால் சந்தா நிற்காது: மென்பொருள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் அக்கா சேலத்திலிருந்து கூப்பிட்டாள். "அந்த ஸ்கேனர் ஆப்பை எப்பவோ எடுத்துட்டேன்டா தம்பி. ஆனா மாசாமாசம் 299 ரூபாய் போய்க்கிட்டே இருக்கு." பையனின் மாற்றுச் சான்றிதழை பிடிஎஃப் ஆக்குவதற்காக, 7 நாள் இலவசம் என்று பார்த்துப் போட்ட செயலி அது. அவள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ செயலியைத் திறந்து, சுயவிவரத்துக்குள் ஆட்டோபே என்ற பகுதியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே மூன்று அனுமதிகள் உயிரோடு இருந்தன. அதில் ஒன்றை அவள் மறந்தே போயிருந்தாள்.

செயலியை நீக்குவது போனில் இடத்தைக் காலி செய்யும், அவ்வளவுதான். பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி வங்கிப் பக்கம் அப்படியே இருக்கும். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் அதன் சந்தாப் பட்டியலில்தான் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ அனுமதியாக இருந்தால் அந்த யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம். இந்த இரண்டு இடத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

"நம்ம நாட்டில் ஓடிபி இல்லாமல் பணம் போகாது" என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர்ச்சியாக எடுக்கும் பணத்துக்கு முதல் பதிவின்போது நம் ஒப்புதல் வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்காமலே எடுக்கக்கூடிய வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். அதாவது 99, 299, 499 என்று நாம் கட்டும் சந்தாக்கள் எல்லாமே கேட்காமல் எடுக்கக்கூடிய பணம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது. அக்காவின் போனில் அது கடன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் செய்திகளுக்கும் நடுவே படிக்காமல் கிடந்தது.

பணம் போவதை நிறுத்திவிட்டால் ஒப்பந்தமும் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. வருட ஒப்பந்தத்துக்கு மாதத் தவணை என்றொரு முறை உண்டு. பார்வைக்கு மாதச் சந்தா போலவே இருக்கும். நடுவில் விலகினால் அபராதம் கேட்பார்கள். ஃபோட்டோஷாப்பை விற்கும் அடோபி நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது இதற்காகத்தான். முன்கூட்டி விலகினால் கட்ட வேண்டிய தொகையைச் சரியாகத் தெரிவிக்காமல் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தியாவிலும் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டன. சந்தாப் பொறி அதில் ஒன்று. சேர்வதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்று ஒரு நிறுவனம் அலைக்கழித்தால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நம் ஆட்கள் இந்த எண்ணைப் பயன்படுத்துவதே இல்லை என்பது என் வருத்தம்.

சந்தாவே தப்பு என்று நான் சொல்லவில்லை. அக்கா தினமும் பாட்டுக் கேட்கிறாள், அந்தச் சந்தாவை வைத்துக்கொண்டாள். அது நியாயமான செலவு. ஆனால் கட்டுவது வாடகை என்று தெரிந்து கட்ட வேண்டும். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் பல நேரம் அது வாடகைதான். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் நூல்களும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூல்கள் போனது போனதுதான்.

இனி இலவசம் என்ற சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று அழகாகப் பிரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் நாம் ஆங்கிலக் குழப்பத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, ஜிமெயிலையும், கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெ ஆஃபீஸையும் ஒரே கூடையில் போடுகிறோம். ஜிமெயிலுக்குக் காசு கேட்பதில்லை, ஆனால் விதியை எழுதுவது கூகுள். கூகுள் ஃபோட்டோஸில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்குள் கணக்கு என்று மாற்றினார்கள். கட்டற்ற மென்பொருளில் மூல நிரல், அதாவது அந்த மென்பொருளை எழுதிய வரிகள், நம் கைக்கு வருகிறது. அதை விற்கலாம், மாற்றலாம், பகிரலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பயனர்களும் ஆர்வலர்களும் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதன் நிரலை விடுவித்தார்கள். காசு கொடுத்துத்தான் அது கட்டற்றதானது.

இப்படி நிரல் திறந்திருக்கும் மென்பொருளை ஓப்பன் சோர்ஸ் என்றும் சொல்வார்கள். "ஓப்பன் சோர்ஸ்தானே, ஆயிரம் பேர் பார்ப்பார்கள், பாதுகாப்பானது" என்று கண்ணை மூடி நம்புவதும் தவறு. பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. தகவலைப் பூட்டி அனுப்ப உலகத்தின் இணையத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு அப்போது வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். இன்னும் மனதை உறுத்துவது 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியை ஒரே ஆள் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று சிலர் அவரை நச்சரிக்க, உதவிக்கு வந்ததுபோல் ஒரு முகமூடி ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் பின்கதவை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது. நிரல் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும். நாம் செய்யக்கூடியது, பராமரிப்பவரைக் கஸ்டமர் கேர் போல நினைத்துத் திட்டாமல் இருப்பது. முடிந்தால் வருடத்துக்கு ஒரு மாதச் சந்தா அளவுக்காவது கொடுப்பது. பிழையைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பதும், தமிழாக்கம் செய்துகொடுப்பதும் கூட அவர்களுக்குப் பெரிய உதவி.

நிறுவனத்துக்கு ரசிகராகிவிடுவதும் ஆபத்து. நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று பேசுகிறோம். ஓப்பன் சோர்ஸ் நிறுவனங்களும் மாறும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கியது, 2025 மேயில் மறுபடி தளர்த்தியது. அதற்குள் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளை முளைத்து வளர்ந்துவிட்டது. நல்ல மனசை நம்ப வேண்டியதில்லை, பிரிந்து போகும் உரிமை உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம்மைக் கூடுதலாகப் பாதிப்பது கோப்பு விஷயம். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையை ஒரு பழைய சிடியில் கண்டுபிடித்தேன். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தது நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்படும். எழுத்துரு இருந்தால் மட்டும் அது தமிழ். யாரோ எழுதிப் பொதுவில் வைத்த மாற்றியில் ஒட்டியபோது பாட்டி, தாத்தா பெயர்களோடு ஒவ்வொரு வரியும் யூனிகோடில் திரும்பி வந்தது. ஒரு சேவையில் சேரும்முன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: என் தரவை வேறு இடத்தில் திறக்கும்படி வெளியே எடுக்க முடியுமா? கூகுள் கணக்கு என்றால் அதன் டேக்அவுட் என்ற வசதி வழியாக இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து ஹார்ட் டிஸ்கில் போடுங்கள்.

கடைசியாக, ஆர்வலர்கள் செய்யும் தவறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும், வீட்டில் எல்லோருடைய கணினியிலும் ஒரே ராத்திரியில், விண்டோஸுக்குப் பதிலான கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைப் போடக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். கடைக்கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது, அதை அசைக்கக் கூடாது என்று நல்லவேளை அக்காவின் கணவரே தடுத்தார். அந்தக் கணினியில் விண்டோஸிலேயே லிப்ரெ ஆஃபீஸும், படம் பார்க்கும் விஎல்சியும் மட்டும் போட்டேன். பையனின் பழைய மடிக்கணினியில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தோம். வைஃபை உடனே கிடைத்தது. பிரின்டர் இரண்டாம் நாள்தான் அசைந்தது.