யூத மதம் கூரியரில் வராது: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் யூதனாக மாறியவன் என்பதால், லீவில் அம்மாவைப் பார்க்கச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பி தேடி வந்துவிடுகிறான். பழைய ஏற்பாட்டைக் கரைத்துக் குடித்தவனாக இருப்பான், இல்லையென்றால் யூடியூபில் எபிரேய எழுத்துப் படித்தவனாக. "யூதராகணும்ணா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" கேள்வி சரிதான். ஆனால் கேட்க வருவதற்குள், அந்தக் காலத்தில் நான் அடித்த கூத்தையெல்லாம் அவனும் அடித்து முடித்திருப்பான். தலையில் கிப்பா எனும் யூதக் குல்லாவோடு ஐந்து ரோட்டைச் சுற்றுவது, தாவீது என்று பெயரை மாற்றிக்கொள்வது எல்லாம் இங்கே வேண்டாம். அவை தானாகத் தெளிந்துவிடும்.

சான்றிதழை விலைக்கு வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது. ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ஒருவர் வந்திருந்தார். இணையத்தில் பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பு, வாராவாரம் வீடியோ பாடம். கடைசிப் பாடத்தில், "ஓடும் நீரில் முங்கி வீடியோ அனுப்புங்கள்" என்றிருக்கிறார்கள். கிளியூர் அருவிக்குக் கீழே, மச்சான் செல்போனைப் பிடிக்க, இவர் மூன்று முறை முங்கி எழுந்திருக்கிறார். தங்க நிற முத்திரையோடு சான்றிதழ் கூரியரில் வந்தது. லேமினேட் செய்து வைத்திருந்தார். செலவு, இரண்டு மாதச் சம்பளம்.

அதை வைத்துக்கொண்டு வெளியூர் யூத ஜெப ஆலயம் ஒன்றுக்கு எழுதியபோது, பதிலாக ஒரே கேள்வி வந்தது: உங்கள் பேத் தின்னில் உட்கார்ந்த மூவர் யார்? இவரிடம் ஒரு பெயர்கூட இல்லை.

பேத் தின் என்பது மூவர் அமரும் சமய நீதிமன்றம். அவர்கள் நேரில் விசாரிக்க வேண்டும். கட்டளைகளை ஏற்பதாக அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனம் உண்டு. பிறகு மிக்வே எனும் குளத்தில் முழுக்கு, அதுவும் பேத் தின் அறிய.

"தண்ணி சரியில்லைங்களாண்ணா?" என்று கேட்டார் அந்த மனிதர். ஊற்று நீர், கடல், குழியில் தேங்கிய மழைநீர் எல்லாம் மிக்வேக்கு ஆகும். அருவி ஆகுமா என்று யூத மத குருக்களான ரபிகளிடம் வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம். அங்கே மூவர் இல்லை என்பதற்கு என்ன வாதம் செய்வது?

மூவர் இருந்தாலும், எந்த மூவர் என்பது முக்கியம். யூத மதத்தில் விதிகளைத் தளர்த்திய சீர்திருத்தப் பிரிவின் மதமாற்றத்தை, பழைய விதிகளை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவு ஏற்காது. இஸ்ரேலிலேயே குடியுரிமைக்கு ஒரு அளவுகோல், திருமணத்துக்கு வேறொன்று. 2021-இல் அங்கே உச்ச நீதிமன்றம் உள்நாட்டில் நடந்த சீர்திருத்தப் பிரிவு, இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் பிரிவு மதமாற்றங்களைக் குடியுரிமைக்கு ஏற்றது. யூதர் திருமணங்களைப் பதியும் தலைமை ரபி அலுவலகம் இன்றும் ஏற்பதில்லை. ஆகவே பணம் கட்டும் முன், "உங்கள் மதமாற்றத்தை யார் யார் ஏற்கிறார்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத்துக்குக் கட்டணம் கேட்பது வேறு. சான்றிதழுக்கே விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் காதில் போட்டுக்கொள்ளாதது: யூதச் சமூகத்துக்குள் வாழாமல் இது நடக்காது. எல்லாப் பண்டிகைகளையும் ஒரு சுற்றாவது பார்க்க வேண்டும் என்பதால் குறைந்தது ஒரு வருடம் ஆகும், பெரும்பாலும் அதற்கு மேல். சபாத் எனும் வாராந்திர ஓய்வு நாளில் வண்டி ஏறக் கூடாது, ஆகவே ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். சேலத்தில் அதற்கு வழியில்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போன பிறகுதான் எனக்கே முடிந்தது.

முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது

டாக்டர் செய்யும் விருத்தசேதனம் வெறும் அறுவை சிகிச்சை, சடங்கு ஆகாது. பின்னால் சடங்குக்காக ஒரு சொட்டு ரத்தம் மறுபடி எடுப்பார்கள். ரபி சொல்லும்வரை பொறுங்கள்.

கொச்சியை நம்பிப் போவது

சேலம் ஜங்ஷனில் ஏறினால் எர்ணாகுளம் பகல் பயணம்தான். 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தையும் அதன் நீலச் சீன ஓடுகளையும் கட்டாயம் பாருங்கள். ஆனால் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். உள்ளூரில் அந்தப் பத்துப் பேரே தேறுவதில்லை. உங்களை மாற்றிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

ஷோஃபார் ஊதும் சபை

யூதர்போல் ஷோஃபார் எனும் ஆட்டுக்கொம்பை ஊதும் சபையும், இயேசுவை மேசியா என்று சொன்னால் கிறிஸ்தவம்தான். யூதரின் ஜெபச் சால்வை போர்த்தினாலும்தான்.

சபாத்தை முழுசாகக் கடைப்பிடிப்பது

கூடாது. யூதரல்லாதவர் சபாத்தை முழுமையாக அனுசரிக்கக் கூடாது என்பது தல்மூத் எனும் யூதச் சட்ட நூலின் சொல். மாறும்வரை தெரிந்தே சபாத்தில் விலக்கான ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். லைட் சுவிட்சை ஒருமுறை தட்டினால் போதும்.

பிரியாணியும் தயிர்ப் பச்சடியும்

யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் சேராது. அதைவிட, முறைப்படி அறுத்த இறைச்சி சேலத்தில் கிடைக்காது. சைவத்துக்கு மாறிவிடுங்கள், கீரையில் பூச்சி பாருங்கள், அதுவும் விலக்கு.

வீட்டையும் தாலுகா ஆபீஸையும் மறப்பது

1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. மாறினால் அந்தச் சான்றிதழ் செல்லாது. கல்லூரி இடமோ அரசு வேலையோ அதை நம்பி இருந்தால் யோசியுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் துணைவரின் மதமாற்றம் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று. மனைவிக்குத் தெரியாமல் ரபிக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க: எந்த ரபியும் முதலில் "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்றுதான் கேட்பார்.

பதில் வராத முதல் கடிதம்

கோபித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பைபிளில் மாமியார் நகோமியே, கூடவே வர நின்ற மருமகள் ரூத்தை மூன்று முறை திரும்பிப் போ என்றாள். ஆர்வத்தோடு வருகிறவரைத் தள்ளிப் பார்ப்பது அந்த மரபு. யூதரல்லாதவருக்கு நோவாவின் ஏழு கட்டளைகளே போதும், பிறகு எதற்கு யூதருக்கான 613-ஐச் சுமக்கிறாய் என்றும் கேட்பார்கள். பதில் யோசித்து வையுங்கள். கடிதத்தில் கனவில் கண்டதையும், நம் பாட்டன் இஸ்ரேலின் காணாமல் போன கோத்திரத்தான் என்பதையும் எழுத வேண்டாம். என்ன படித்தீர்கள், என்ன வேலை, எந்த ஊருக்குக் குடிபோக முடியும் என்று அரைப் பக்கம் போதும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அதே ரபிக்கு மறுபடி எழுதுங்கள்.