ஒரு சொல்லோட பூர்வீகத்த தேடுறது எப்படி? 'சீ'ய வச்சு ஆரம்பிக்கலாம்

இங்கிலீஷ்ல கடலுக்கு 'சீ'ங்கிறோம்ல, அதோட மூதாதை, இங்கிலீஷ், டச்சு, ஜெர்மன் எல்லாத்துக்கும் தாயான பழைய ஜெர்மானிய மொழியில *சைவிஸ். முன்னாடி நிக்கிற அந்த நட்சத்திரத்த முதல்ல கவனிங்க. இந்த சொல் எந்த ஏட்டுலயும் கல்வெட்டுலயும் கிடைக்கல, பின்னாடி வந்த மொழிகள ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டுன வடிவம்னு அர்த்தம்.

ஸ்டெப் 1: சொந்தபந்தத்த எழுதுங்க. டச்சுல 'ஸே', ஜெர்மன்லயும் 'ஸே', 4ஆம் நூற்றாண்டுல வுல்ஃபிலாங்கிற பிஷப் பைபிள மொழிபெயர்த்த, இப்போ அழிஞ்சுபோன கோதிக்ங்கிற ஜெர்மானிய மொழியில 'சைவ்ஸ்'. உடனே நம்ம சைவத்தோட முடிச்சு போட்டுடாதீங்க, ஒரே மாதிரி ஒலிச்சா மட்டும் உறவு ஆகிடாது.

ஸ்டெப் 2: அர்த்தத்த பாருங்க, இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். ஜெர்மன்ல 'டெர் ஸே'ன்னா ஏரி, 'டீ ஸே'ன்னா கடல், சொல் ஒண்ணுதான், ஆண்பால் பெண்பாலா மாறுனா அர்த்தம் மாறிடும். கோதிக்ல சைவ்ஸ்னா ஏரி, கடலுக்கு வேற சொல். டச்சுல அப்படியே தலைகீழ், ஸேன்னா கடல், மேர்னா ஏரி. 1932ல நெதர்லாந்துல ஸைடர்ஸேங்கிற கடல் பகுதிய அணை கட்டி அடைச்சாங்க, உள்ள சிக்குன பெரிய பகுதி நன்னீர் ஏரியாச்சு, பேரும் ஐசல்மேர்னு ஆச்சு, ஸே போய் மேர் வந்துடுச்சு பாருங்க! அதனால *சைவிஸ்னாலே கடல்தான்னு முடிவு கட்டாதீங்க.

ஸ்டெப் 3: குடும்பத்துக்கு வெளிய தேடுங்க. மேருக்கு லத்தீன்ல 'மரே', ரஷ்யன்ல 'மோரெ'னு உறவு தெளிவா இருக்கு. *சைவிஸுக்கு அப்படி உறுதியா ஒண்ணும் சிக்கல.

ஸ்டெப் 4: இருக்கிற கருத்துகள எடை போடுங்க. ஜெர்மன்ல வடிகட்டுறதுக்கு 'ஸையன்'னு ஒரு சொல் இருக்கு, அதோட வேர்ல இருந்துதான், அதாவது கசிஞ்சு தேங்குன தண்ணிங்கிற அர்த்தத்துல வந்துச்சுன்னு ஒரு கட்சி. ஏரிக்கு இது நல்லா பொருந்துது, நடுவுல 'வ' எப்படி வந்துச்சுங்கிறதுக்கும் சொல்லுல அழுத்தம் விழுற இடத்த பொறுத்து மெய்யொலி மாறும்ங்கிற கார்ல் வெர்னரோட ஒலி விதிய வச்சு வழி காட்டலாம். ஜெர்மானியர் வர்றதுக்கு முன்னாடி அங்க வாழ்ந்த ஜனங்களோட மொழியில இருந்து வாங்குன சொல்னு இன்னொரு கட்சி, ஆனா அந்த மொழியில ஒரு வரிகூட நம்ம கையில இல்ல, அப்புறம் எதோட ஒப்பிட்டு சரிபார்க்கிறது? எனக்கு முதல் கட்சி மேலதான் சாய்வு. இருந்தாலும் என் நோட்டுல அந்த வேருக்கு பக்கத்துல கேள்விக்குறி போட்டுதான் வச்சிருக்கேன், நீங்களும் போடுங்க.