கட்டுக்காசுக் கிழமையை முற்றத்தில் நடித்துப் பார்த்தல்: ஊர்க் கடனுக்கு ஒரு விவாத அரங்கு

நுண்கடன் என்பது பெரும்பாலும் ஊர்ப் பெண்களுக்குக் குழுவாகக் கொடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசாக, அதாவது தவணையாக, வசூலிக்கும் சிறு கடன். அதைப் பற்றி விழிப்புணர்வு நாடகம் போட்டால் ஊர் பார்க்கும், கைதட்டும், வீட்டுக்குப் போகும். "கடன் வாங்காதேங்கோ" என்று சொல்லும் நாடகத்துக்கு, ஏற்கெனவே வாங்கியவள் மனதுக்குள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அப்ப பிள்ளையின்ரை ரியூசன் காசுக்கு நான் எங்க போறது?" அந்தக் கேள்விக்கு நாடகக்காரரிடம் விடை இல்லை. விடையின் துண்டுகள் பார்வையாளரிடம்தான் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்தெடுக்க உதவுவது விவாத அரங்கு. பிரேசில் நாட்டு அரங்கக்காரர் ஆகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய முறை இது. நாடகம் மிக மோசமான இடத்தில் நின்றுவிடும். பார்ப்பவர் எழுந்து வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று, வேறு விதமாகச் செய்து பார்ப்பார்.

யாழ்ப்பாணத்துக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து இங்கே பயிற்சி பெற்ற அரங்கக்காரர் பலர் இருக்கிறார்கள். சபைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நின்று பேசும் கட்டியகாரனை நம் கூத்துக்கள் எப்போதோ தந்துவிட்டன. விவாத அரங்கை நடத்துபவரையும் கட்டியகாரர் என்றே அழையுங்கள். முதியவர்களுக்கு உடனே விளங்கும்.

முதல் மூன்று கிழமை: கேட்பது

வினாக்கொத்தோடு போகாதீர்கள். படிவத்தைக் கண்டதும் பெண்கள் நிவாரணப் பதிவு என்று நினைத்து, அதற்கேற்றபடி பதில் சொல்வார்கள். ஒரு முற்றத்தில் ஐந்து ஆறு பேரை இருத்துங்கள். நிலத்தில் சோக்கால் ஏழு பெட்டி கீறுங்கள், ஒரு நாளுக்கு ஒரு பெட்டி. ஒரு புளியங்கொட்டை 500 ரூபாய். பெட்டியின் மேல்பாதியில் அன்று வரும் காசு, கீழ்ப்பாதியில் அன்று கட்டும் காசு. "உங்கட கிழமையை வையுங்கோ" என்று கேட்கக் கூடாது. "இந்த ஊரில ஒரு குடும்பத்தின்ரை கிழமையை வைப்பம்" என்று தொடங்க வேண்டும். பலர் கடனைக் கணவனுக்கே மறைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி முன்னால் சொல்ல மாட்டார்கள். கற்பனைக் குடும்பத்துக்குக் கொட்டை வைக்கும்போது கை தானாக உண்மையைச் சொல்லும்.

திங்கள் 3, புதன் 3, வியாழன் 4 என்று கீழே பத்துக் கொட்டை சேர்ந்தால் கிழமைக்கு 5,000 ரூபாய் வெளியே போகிறது. மேலே வெங்காயத் தோட்டக் கூலியோ தையல் காசோ எத்தனை கொட்டை, அதுவும் எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் தொகையில் மட்டும் இருப்பதில்லை, நாளிலும் இருக்கும்: திங்கள் கட்ட வேண்டும், கூலி சனிதான் கையில் வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாவது கடன். நாடகத்தின் கரு அங்கேதான் கிடைக்கும்.

கேட்டதை அப்படியே மேடையேற்றக் கூடாது. குறைந்தது மூன்று பேரின் அனுபவத்தைக் கலந்து, தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றுங்கள். ஒத்திகையின் நடுவில் ஒருநாள், பேசிய பெண்களை அழைத்துக் காட்டுங்கள். ஒருவர் "இது என்னைத்தான்" என்று சொன்னாலே அந்தக் காட்சி போக வேண்டும், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

கணக்கு

இதை விட்டுவிட்டால் அரங்கு வெறும் அழுகையாக முடியும். ஊரில் உள்ள கணித ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

60,000 ரூபாய் கடன், 52 கிழமை, கிழமைக்கு 1,500 ரூபாய் என்று எடுப்போம். மொத்தம் 78,000. வட்டி 18,000. "30 வீதம்தான்" என்பார்கள். ஆனால் அந்த வட்டி முழு 60,000 ரூபாயும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்தது போலப் போடப்படுகிறது. நீங்களோ ஒவ்வொரு கிழமையும் முதலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். கடைசிக் கிழமையில் நிற்கும் முதல் ஏறத்தாழ 1,154 ரூபாய். அதற்கும் 346 ரூபாய் வட்டி. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 54 வீதமளவில் வரும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதல் நாளே 3,000 ரூபாயைக் கழித்து 57,000 ரூபாயைத் தந்தால் அது 65 வீதத்தைத் தாண்டும்.

இதைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப்பேர் பார்வையைத் திருப்பிவிடுவார்கள். நடிப்பில் வைக்கலாம்: கடைசிக் கிழமை, அவள் மடியில் இரண்டு கொட்டை மட்டும், வசூலிப்பவரின் பேணியில் கொட்டை நிரம்பி வழிகிறது. அந்தப் பேணியைக் குலுக்கும் சத்தம் போதும்.

நாடகம் கட்டுவது

நடிகர் ஆறு முதல் எட்டுப் பேர், கட்டியகாரர் ஒருவர். ஒத்திகை எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணிநேரம். முதல் இரண்டு அமர்வில் வசனமே வேண்டாம்: "கட்டுக்காசு நாள் காலை ஏழு மணி" என்று சொல்லி, உறைந்த சிலையாக நிற்கச் செய்யுங்கள். யார் கதவுக்குப் பின்னால் நிற்கிறார், பிள்ளை எங்கே பார்க்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வரும். எழுதிய பிரதியோடு தொடங்கும் குழுக்களுக்கு இந்த நுணுக்கம் கிடைப்பதில்லை. எல்லோரும் பிரசங்கம் பேசுவார்கள்.

மொத்தம் 12 முதல் 15 நிமிடம், நாலு காட்சி. ஒவ்வொரு காட்சியிலும், அவள் வேறு ஒன்று செய்திருக்கலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும் ஒரு கணமாவது இருக்க வேண்டும். கடன் படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்து. குழுவில் ஒருத்தி கட்டாதபோது மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் கூடுவது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். தோட்டை ஈடு வைப்பது. நாயகி முட்டாளாக இருக்கக் கூடாது. அவளுக்குத் தெளிவான ஆசை ஒன்று வேண்டும்: தையல் மெஷின், மகளின் உயர்தரப் படிப்பு. வசூலிக்க வருபவரை அரக்கனாக்காதீர்கள். அவரும் பக்கத்து ஊர்ப் பொடியன், அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. அரக்கனோடு யாரும் பேரம் பேசிப் பார்க்க மாட்டார்கள், மனிதனோடு பேசுவார்கள்.

தற்கொலையை மேடையில் காட்டக் கூடாது, கயிறோ போத்தலோ குறிப்பாகக்கூட வேண்டாம். அதே எண்ணத்தோடு சபையில் ஒருவர் இருக்கலாம். காட்சி அவருக்கு வழியைக் காட்டிவிடும். கடைசிக் காட்சி, அவள் வாசலில் தனியே நிற்பதோடு முடியட்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி மரத்தில் தொங்கவிடுங்கள்.

பாட்டுக்குக் காத்தவராயன் கூத்து மெட்டை எடுங்கள். பெரும்பாலான ஊர்களில் இரண்டாவது வரிக்கே சபை சேர்ந்து பாடும். அறிவுரை வேண்டாம், நிலைமையை மட்டும் பாடுங்கள்:

திங்கட் கிழமை விடியு முன்னே திண்ணையில ஆள் நிக்கும்
செவ்வாய் மற்றக் கொம்பனிக்கு சீட்டெடுத்த காசு போகும்

உடைக்குச் செலவழிக்காதீர்கள். ஒரு ஹெல்மெட், தோள்பை, கடன் கொப்பி, பேணி, பாய் போதும். நிறுவனங்களின் பெயரோ சின்னமோ எதிலும் வரக் கூடாது.

இடமும் நேரமும்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வெளி முற்றம் சரிவராது. ஆவணி நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், ஊர்க் கோயில் திருவிழா நாட்களும், பரீட்சைக் காலமும் வேண்டாம். அந்த ஊரின் கட்டுக்காசு நாளிலும் அதற்கு முதல் நாளிலும் வேண்டவே வேண்டாம். பெண்கள் காசு தேடி அலையும் நேரம் அது. ஞாயிறு பின்னேரம் 4.30க்குத் தொடங்கினால் இருட்ட முன் முடிக்கலாம். கரையோர ஊர்களில் தொழிலுக்குப் போகும் நேரத்தை விசாரித்து மாற்றுங்கள்.

ஆடுமிடம் 15 முதல் 18 அடி குறுக்களவுள்ள வட்டம். முன்னால் பாய், பின்னால் கதிரை. சபை மேற்குப் பார்த்து இருந்தால் வெயில் கண்ணில் அடிக்கும். 80 முதல் 100 பேர் வரை ஒலிபெருக்கி தேவையில்லை. கூடினால் இரண்டாவது நாள் வையுங்கள்; மைக் வந்தவுடன் எழுந்து வரத் தயங்குவார்கள். கிராம அலுவலருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

இடத் தேர்வில் சாதியை மறைத்துப் பயனில்லை. எந்தக் கோயில் வீதிக்கு யார் வருவார், எந்தச் சனசமூக நிலையத்துக்குள் யார் கால் வைப்பதில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முன்பள்ளி முற்றமோ பாடசாலை மைதானமோ பொதுவாக இருந்தால் அங்கே நடத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் இரண்டு ஆட்டம். "எல்லாரும் வரலாம்" என்று அறிவித்துவிட்டு ஓரிடத்தில் வைத்தால், கடன் அதிகம் உள்ள வீட்டுக்காரரே வராமல் போகலாம்.

ஆட்ட நாள்

வரவேற்புரை, பொன்னாடை, பிரமுகர் பேச்சு எதுவும் இல்லை. பேச்சு ஒன்று நடந்தாலே சபை கேட்பவராக மாறிவிடும். பிறகு எழுப்ப முடியாது.

நாடகம் ஒருமுறை முழுதாக நடக்கும். கட்டியகாரர் கேட்பது: "இது எங்கட ஊரில நடக்கிறதோ?" பிறகு சற்று வேகமாக இரண்டாம் முறை. இப்போது யாரும் "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லலாம். சொன்னவர் நாயகியின் சேலைத் தலைப்பையோ துவாயையோ தோளில் போட்டு, அவளுடைய இடத்தில் நின்று நடிப்பார். மற்ற நடிகர் தங்கள் பாத்திரத்தில் உறுதியாக நின்று எதிர்க்க வேண்டும். இலகுவாக இளகினால் அந்தப் பயிற்சி பொய்யாகிவிடும்.

யாரும் எழாவிட்டால் கட்டியகாரர் பேசி நிரப்பக் கூடாது. மனதுக்குள் இருபது எண்ணட்டும். அதன் பின், "அக்கா, அந்த இடத்தில நீங்களெண்டால் என்ன சொல்லியிருப்பியள்?" என்று இருந்த இடத்திலேயே பதில் கேட்கலாம். சொன்னதும், "அதைச் செய்து காட்டுங்கோவன்."

முதலில் வருவது பெரும்பாலும் ஒரு இளைஞன். வசூலிப்பவரை அடிக்கப் போவான். தடுக்க வேண்டாம். உடல் தொடாமல் நடிக்கவிட்டு, அடுத்த கிழமைக் காட்சியையும் உடனே நடத்திக் காட்டுங்கள்: அவர் இரண்டு பேரோடு வருகிறார். அதற்குப் பிறகு சபை தானாக வேறு வழி தேடும். அடுத்த தடங்கல், கனடாவிலிருந்து அண்ணன் காசு அனுப்பும் தீர்வு. இதை மாயத் தீர்வு என்போம். "எத்தனை வீட்டுக்கு அப்படி அண்ணன் இருக்கிறார்?" என்று சபையையே கேளுங்கள்.

ஐம்பது நிமிடத்தில் ஐந்து பேர் வந்தால் நல்ல ஆட்டம். ஒவ்வொரு முயற்சிக்கும் பின் இரண்டு கேள்வி: என்ன மாறியது? நாளைக்கு இதைச் செய்ய என்ன வேண்டும்? ஒருவர் ஒவ்வொரு யோசனையையும் பெரிய தாளில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது உடைந்து அழுதால் பக்கத்தில் போய் இருக்க, ஊரறிந்த இரண்டு பெண்களை ஓரத்தில் முன்கூட்டியே இருத்துங்கள்.

ஏழு நாளுக்குள்

தாள் சுருட்டி வைக்கப்பட்டால் அடுத்த முறை ஊர் வராது. ஏழு நாளுக்குள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு கூடி, மூன்று வேலை மட்டும் எடுங்கள். கடன் கொப்பிகளைச் சேர்த்துப் பார்க்கும் நாள் ஒன்று: கணித ஆசிரியர், ஒரு மேசை, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பத்து நிமிடம். நிறுவனம் கடன் கொடுக்கச் சட்டப்படி அனுமதி பெற்றதா என்று உரிய பட்டியலில் பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலோ வழக்கு அழைப்பாணை வந்திருந்தாலோ சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு ஆவணங்களோடு கூட்டிச் செல்லுங்கள். கொப்பி பார்க்கும்போது, 2018இல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தை இன்றைய கடனுக்கும் உண்டென்று நம்பிக் கட்டாமல் விட்டவர் இருந்தால், உடனே விளங்கப்படுத்த வேண்டும்.

நீண்ட வேலை, சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தட்டியெழுப்புவது. அங்கே கட்டும் நாளை உறுப்பினரே கூலி வரும் நாளுக்கு ஏற்பத் தீர்மானிக்கலாம். சோக்குப் பெட்டியில் தெரிந்த இடைவெளியை அடைக்க இதைவிட நேரான வழியில்லை.

மூன்று மாதம் கழித்து அதே முற்றத்துக்கு அதே புளியங்கொட்டைப் பையோடு போங்கள். ஏழு பெட்டி கீறி, அந்தக் கற்பனைக் குடும்பத்தின் கிழமையை மறுபடி வைக்கச் சொல்லி, கீழ்ப்பாதியை எண்ணுங்கள். பத்து அப்படியே பத்தாக இருந்தால், எந்தக் கொட்டை ஏன் நகரவில்லை என்று கேட்டுக்கொண்டு அதிலிருந்தே அடுத்த நாடகத்தைத் தொடங்குங்கள்.