மூன்றுமே 2.6 கிகாஹெர்ட்ஸ்: பழைய லேப்டாப் பிராசசர்களை ஒப்பிடுவது எப்படி?

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போனால், சென்னை ரிச்சி தெருவோ ஆன்லைனோ, முதலில் காதில் விழுவது "ஐ5 சார், 8 ஜிபி ராம்" என்பதுதான். அது எந்த வருஷத்து ஐ5, எத்தனை வாட்டில் ஓடுவது என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எப்படிக் கேட்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

உதாரணத்துக்கு இன்டெல்லின் மூன்று பிராசசர்களை எடுத்துக்கொள்வோம்: கோர் ஐ5-4200யு, கோர் எம்3-7ஒய்30, செலரான் என்4000. மூன்றிலும் இரண்டே கோர், அதாவது கணக்கிடும் பகுதி இரண்டு. மூன்றுக்கும் அதிகபட்ச வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றும்.

படி 1: முழுப் பெயரை எடுங்கள்

வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் போதாது. அதில் 'ஐ5' என்று மட்டும்தான் இருக்கும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு-வைக் கிளிக் செய்தால், வலது மேல் மூலையில் முழுப் பெயர் தெரியும். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

4200யு என்பதில் முதல் எண் 4, அதாவது நான்காம் தலைமுறை. இது 2013-இல் வந்தது. கடைசியில் உள்ள 'யு' 15 வாட் வகையைக் குறிக்கிறது. 7ஒய்30 ஏழாம் தலைமுறை, 2016-இல் வந்தது. நடுவில் இருக்கும் 'ஒய்' அதைவிடக் குறைந்த 4.5 வாட் வகை; ஃபேனே இல்லாத மெல்லிய லேப்டாப்களுக்காகச் செய்தது. என்4000 2017 கடைசியில் வந்த 6 வாட் பிராசசர். பெயரில் 'என்' வந்தால் உள்ளே இருப்பது கோர் வரிசையின் பெரிய கோர் அல்ல, இன்டெல்லின் குறைந்த மின்சார 'ஆட்டம்' வரிசையின் வழியில் வந்த சிறிய கோர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஐ7 என்றால் ஐ5-ஐ விட மேல்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐ7-7500யு-வில் இரண்டே கோர். ஒரு தலைமுறை தள்ளி 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்), அதே 15 வாட்டில். என்னைக் கேட்டால், குறைந்த வாட் லேப்டாப்களில் அந்த வருஷங்களில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். பட்ஜெட் கொஞ்சம் நீளுமானால் நேராக எட்டாம் தலைமுறைக்கே போய்விடுங்கள். ஏஎம்டி பக்கம் அதே காலத்து ரைசன் 5 2500யு-வும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான்.

படி 3: இன்டெல் தளத்தில் சரிபாருங்கள்

பிராசசர் பெயரைத் தேடினால் இன்டெல்லின் ஆர்க் என்ற பிராசசர் விவரப் பக்கம் வரும். அதில் கோர், த்ரெட், அடிப்படை வேகம், டர்போ வேகம் (எட்டக்கூடிய அதிகபட்ச வேகம்), டிடிபி ஆகிய ஐந்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நம் மூன்றுக்கும் இப்படி வரும்:

ஐ5-4200யு: 2 கோர், 4 த்ரெட், 1.6 முதல் 2.6 வரை, 15 வாட்
எம்3-7ஒய்30: 2 கோர், 4 த்ரெட், 1.0 முதல் 2.6 வரை, 4.5 வாட்
என்4000: 2 கோர், 2 த்ரெட், 1.1 முதல் 2.6 வரை, 6 வாட்

டிடிபி என்பது அடிப்படை வேகத்தில் முழு வேலை நடக்கும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு. டர்போ வேகம் அந்த வரம்புக்குள் கிடைக்கும்வரை கிடைக்கும், அவ்வளவுதான். 4200யு-வில் ஒரே கோர் ஓடும்போதுதான் 2.6, இரண்டு கோரும் சேர்ந்து ஓடினால் 2.3.

கிகாஹெர்ட்ஸ் சமமாக இருந்தாலும் வேலை சமமாக இருக்காது. 4200யு-வின் ஹாஸ்வெல் (நான்காம் தலைமுறையின் பெயர்) கோர் ஒரு துடிப்பில் முடிக்கும் வேலை என்4000-இன் கோர் முடிப்பதைவிட அதிகம். அதோடு நான்கு த்ரெட் வேறு. அதனால் நான்கு வருஷம் மூத்தது என்றாலும், பல வேலைகள் சேர்ந்து ஓடும்போது ஐ5 தெளிவாக முந்திவிடும்.

படி 4: பத்து நிமிஷம் வேலை வாங்குங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். சார்ஜரைச் செருகி, பவர் மோடை அதிகபட்சச் செயல்திறனுக்கு மாற்றுங்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் டூல்ஸ் மெனுவுக்குள் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை இருக்கிறது. அதை ஓடவிட்டு, பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஸ்பீட்' என்ற எண்ணைக் கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள 4200யு லேப்டாப்பில் அந்த எண் 2.3-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். நிமிஷங்கள் போகப் போக 1.6-க்கும் கீழே இறங்கினால், ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம், பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவை, தைரியமாக விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எம்3 வேறு மாதிரி. பிரவுசர் திறப்பது, டைப் செய்வது போன்ற சின்ன வேலைகளில் சட்டென்று 2.6-ஐத் தொட்டுவிடும். பெஞ்ச்மார்க் தொடர்ந்து ஓடினால் வேகம் நன்றாகவே இறங்கும். அது பழுதில்லை, 4.5 வாட்டில் அதன் இயல்பே அப்படி.

படி 5: ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள்

யூடியூப்பில் ஒரு 1080பி வீடியோவை ஓட்டி, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' எடுங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியில் விபி9 என்று இருந்தால், எம்3-உம் என்4000-உம் அதைத் தனி வீடியோ சர்க்யூட்டிலேயே விரித்துவிடும்; சிபியு சும்மா இருக்கும். 4200யு-வில் அந்த வசதி இல்லை. மொத்த பாரமும் கோர்கள் மேல் விழுந்து ஃபேன் சத்தம் எழும். எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் பழைய எச்.264-இல் வீடியோவைத் தரும், 4200யு-வும் அமைதியாகிவிடும். ஏவி1 கோடெக்குக்கு மூன்றிலுமே ஹார்டுவேர் ஆதரவு கிடையாது.

படி 6: மாற்ற முடியாததைப் பாருங்கள்

மூன்று பிராசசர்களுமே மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டவை. பின்னால் வேறு பிராசசர் போடலாம் என்ற நினைப்பே வேண்டாம். 4200யு லேப்டாப்கள் பலவற்றில் ராமும் ஹார்டு டிஸ்க்கும் கழற்றி மாற்றக்கூடியவை. ஒரு எஸ்எஸ்டி போட்டாலே ஆளே மாறிவிடும். மலிவான என்4000 லேப்டாப்களில் 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டி-யைவிட மலிவான, மெதுவான வகை) சேமிப்பும் 4 ஜிபி ராமும் போர்டோடு ஒட்டியே வருவது சகஜம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இந்த மூன்றில் என்4000 மட்டும்தான் உண்டு. இதைக் காட்டியே சிலர் அதை அதிக விலைக்கு விற்கிறார்கள். 4 ஜிபி ராமோடு அதில் விண்டோஸ் 11 ஓட்டுவது பெரும் சிரமம். 4200யு லேப்டாப்பில் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் தாராளமாகப் போதும். படிக்கிற பிள்ளைக்கு வாங்குகிறீர்கள், இந்த மூன்றுதான் கையில் இருக்கிறது என்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். தினமும் பஸ்ஸில் தூக்கிப் போகிறவர், எழுதுவதும் படிப்பதும் மட்டுமே வேலை என்றால் எம்3. ஆனால் அதன் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே சார்ஜரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.