இயேசு கற்பித்த செபம்: எந்த வழிபாட்டில் எங்கே நிறுத்துவது?

கத்தோலிக்கரும் சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபையாரும் கலந்திருக்கும் திருமணத்திலோ அடக்கத்திலோ இந்தச் செபத்தைத் தொடங்கினால், கடைசி வரியில் கூட்டம் இரண்டாகிவிடும். பாதிப் பேர் ஓய, மீதிப் பேர் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்வார்கள். அதனால் முதலில் நிறுத்தும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வார்த்தைகளைப் பிறகு பார்க்கலாம்.

கத்தோலிக்கரின் திருப்பலியில் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் நிறுத்த வேண்டும். ஆமென் கிடையாது. அந்தக் கடைசி வேண்டுதலையே குரு மட்டும் விரித்துச் சொல்வார்: தீமை அனைத்திலிருந்தும் விடுதலை, எங்கள் நாள்களில் அமைதி, மீட்பரின் வருகைக்கான காத்திருப்பு. அவர் முடித்த பிறகே ஆட்சி, வல்லமை, மாட்சி என்ற புகழுரையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின்னும் ஆமென் இல்லை. சீர்திருத்த சபையில் இதே செபத்தை, அதாவது பரமண்டல ஜெபத்தை, ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர் இங்கேதான் குருவின் குரலோடு மோதுவார்.

செபமாலையில் முறை வேறு. முன்னின்று சொல்பவர் "மண்ணுலகிலும் நிறைவேறுக" வரை சொல்வார். "எங்கள் அன்றாட உணவை" என்று மற்றவர்கள் எடுத்து ஆமெனோடு முடிப்பார்கள். புகழுரை வராது. அடுத்து வரும் மரியன்னை செபத்தைச் சொல்ல மனமில்லாதவர் மௌனமாக இருக்கலாம்.

சீர்திருத்த சபை ஆராதனையில் இடைவெளியே இல்லை. புகழுரையும் ஆமெனும் சேர்ந்தே வரும்.

புகழுரையைக் கத்தோலிக்கர் வெட்டிவிட்டார்கள் என்பது தவறான பேச்சு. மத்தேயு 6:9-13இன் மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது இல்லை, பிற்காலப் பிரதிகளில் உண்டு. லூக்கா 11:2-4இலும் இல்லை. 1970இல் வெளிவந்த திருப்பலி நூல் அதைக் குருவின் மன்றாட்டுக்குப் பின் வைத்தது.

வார்த்தைகளில் கத்தோலிக்கரின் தந்தைக்குப் பிதா, ஆட்சிக்கு ராஜ்யம், திருவுளத்துக்குச் சித்தம், அன்றாட உணவுக்கு வேண்டிய ஆகாரம் என்று சீர்திருத்த சபையார் சொல்வார்கள். மன்னிப்பு வரிதான் வம்பு. சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் "கடனாளிகளுக்கு" என்று இருக்கும். ஆராதனை முறைமையிலோ பல சபைகள் "குற்றஞ்செய்கிறவர்களுக்கு" என்கின்றன. அவர்களுக்குள்ளேயே நாக்கு தடுமாறும் இடம் இது. கத்தோலிக்க முதியவர்கள் சிலருக்கும் "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்ற பழைய வடிவமே வாயில் வரும்.

கலப்புக் கூட்டத்தை நடத்துபவர் ஏதாவது ஒரு வடிவத்தை முழுதாகத் தேர்ந்து அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. இரண்டையும் ஒட்டவைத்து "உமது ராஜ்யம் வருக" என்று எழுதினால் இரு தரப்பும் திணறும். அவரவர் வடிவத்தையே சொல்லட்டும் என்று விட்டால் "வருக" சொல்பவர் "வருவதாக" சொல்பவரை முந்திக்கொண்டே போவார். வரிக்கு வரி நிறுத்தி நடத்த வேண்டும். புகழுரை உண்டா இல்லையா என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு வாக்கியத்தில் அறிவித்துவிடுங்கள்.