5.56ஆ, 7.62ஆ? தோட்டா வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ராணுவத்தின் 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கிக்குப் பதில் 7.62 மி.மீ. ஏகே-203 என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, எந்தத் தோட்டா நல்லது என்ற வாதம் ஓயவில்லை (எண்கள் குண்டின் விட்டத்தைக் குறிப்பவை). 5.56 காயப்படுத்தும், 7.62 கொல்லும், அடிபட்டவனைத் தூக்க இரண்டு பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சின்னக் குண்டு செய்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தோட்டா வந்த வழி வேறு. காலாட்படையின் துப்பாக்கிச் சூடு பெரும்பாலும் 300 கெஜத்துக்குள்தான் பலிக்கிறது என்று 1952-லேயே அமெரிக்க ராணுவத்துக்கு ஆய்வாளர் நார்மன் ஹிட்ச்மன் அறிக்கை கொடுத்துவிட்டார். அந்தத் தூரத்துக்கு எதற்குப் பெரிய தோட்டா? நேட்டோவின் 7.62 ஒன்று சுமார் 24 கிராம், 5.56 சுமார் 12. அதே சுமைக்கு இரு மடங்கு தோட்டா, சுடும்போது துப்பாக்கி தோளில் உதைப்பதும் குறைவு. காரணம் அதுதான்.

அப்புறம், வெறுமனே "7.62" என்று சொல்லி வாதாடாதீர்கள். ஏகே-203 சுடுவது 7.62×39, நம் ராணுவத்திடமே உள்ள சிக் 716 துப்பாக்கி சுடுவது 7.62×51 (இரண்டாவது எண் தோட்டாக் கூட்டின் நீளம், மில்லிமீட்டரில்). முன்னதன் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல், பின்னது 3,300-க்கு மேல். 5.56-க்கு ஏறக்குறைய 1,700. ஆக, ஏகே தோட்டா தன் பெயர்கொண்ட அண்ணனைவிட 5.56-க்குத்தான் பக்கத்தில் நிற்கிறது!

சரி, ஜூல் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. 5.56 குண்டு வேகமாகப் போய்த் தைத்தால் உடலுக்குள் புரண்டு உடையும், வேகம் குறைந்தால் ஊசி போலத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடலாம். 5.56 சுடும் அமெரிக்கத் துப்பாக்கிகளில் எம்16-இன் குழல் 508 மில்லிமீட்டர், எம்4-இல் 368 தான், அதனால் ஒரே தோட்டா இரண்டிலும் ஒரே வேகத்தில் கிளம்பாது. எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், என்ன குண்டு என்று கேட்காமல் பேசுவது வீண். "நாலு குண்டு வாங்கியும் ஓடி வந்தான்" என்ற கதைகளையும் நான் பாதிதான் நம்புவேன்: நாலும் பட்டதா, எங்கே பட்டது என்று சண்டைக்கு நடுவில் யார் பார்த்தார்கள்? முதல் குண்டிலேயே விழுந்தவனைப் பற்றி யாரும் கதை சொல்வதும் இல்லை.

துப்பாக்கியின் குறையைத் தோட்டாவின் தலையில் கட்டுவதுதான் எனக்கு அதிக எரிச்சல். வியட்நாமில் எம்16 சிக்கிக்கொண்டதற்குக் காரணம் மாற்றப்பட்ட வெடிமருந்து, தோட்டா அமரும் இடத்தில் குரோம் பூசாத அறை, படைவீரர் கைக்குப் போய்ச் சேராத துடைக்கும் சாமான்கள். கார்கில் குளிரில் இன்சாஸின் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) விரிசல் விட்டது. இதில் 5.56 என்ன பாவம் செய்தது?

சின்னத் தோட்டாவைக் குறை சொல்பவர்கள் இதையும் நினைக்கட்டும்: 7.62×39-ஐப் பெற்றெடுத்த சோவியத் ராணுவமே 1974-ல் ஏகே-74 துப்பாக்கியுடன் 5.45 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது.