தோப்பில் கூடாரம், தணலில் பீட்சா: முதல்முறை செய்கிறவர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து தலைகாட்டும் மாசி மாதம்தான் எங்கள் டெல்டாவில் வெளியில் கூடாரம் போட்டுத் தங்கத் தோதான காலம். கொள்ளிடத்து மணல் ஆசை காட்டும்தான், ஆனால் அணைக்கரைப் பக்கமெல்லாம் முதலை உண்டு, அதனால் தெரிந்தவர்களின் தோப்பில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தங்குங்கள், தண்ணீரும் கைக்கெட்டும். நெருப்பை மட்டும் வைக்கோல் போருக்கும் தென்னைக்கும் நன்றாகத் தள்ளி, வெட்டவெளியில் மூட்டுங்கள்.

மாவை மதியம் 3 மணிக்கே பிசைந்துவிடுங்கள். 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 150 மில்லி தண்ணீர். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கை பொறுக்காத சூடு என்றால் ஈஸ்ட் செத்துப்போகும். பரோட்டாவுக்குப் பிசைவதுபோல் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தால், நம் ஊர் வெக்கைக்கு 2 மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். மூன்று சின்ன பீட்சா வரும்.

தக்காளி நான்கு, பூண்டு ஐந்து பல், மிளகாய்த்தூள், உப்பு. இதைத் தொக்கு பதத்துக்குச் சுருளச் சுருள வதக்கி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், நீர்க்க இருந்தால் மாவு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். மொசரெல்லா சீஸ் 150 கிராம், துருவி ஐஸ் பெட்டியில்.

சரி, இப்போது நெருப்பு. மூன்று செங்கலுக்கு நடுவில் பன்னாடையையும் காய்ந்த பாளையையும் வைத்துப் பற்றவைத்து, மேலே கொட்டாங்கச்சி, அது பிடித்ததும் நன்றாகக் காய்ந்த கருவைக் கட்டை. எரிகிற சுடரில் தோசைக்கல்லை வைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் பொறுத்தால் கட்டை உடைந்து, சாம்பல் பூத்த சிவப்புத் தணலாகும், நமக்கு வேண்டியது அதுதான்.

நான் முதல்முறை செய்தபோது பச்சை மாவின் மேலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன், அடி கரியாகிவிட்டது, சீஸ் துருவினபடியே கிடந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர் விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல் காய்ந்து, கூரையிலிருந்தும் சூடு இறங்குவதால் 90 வினாடிக்குள் பீட்சா வெந்துவிடுகிறது. நம் தோசைக்கல்லில் சூடு கீழேயிருந்து மட்டும்தான். ஆகவே மாவைத் திருப்பிப் போடவேண்டும்.

கனமான இரும்புக் கல்லைத் தணலில் வைத்து ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள். மெல்லப் பழுப்பானால் பதம், விழுந்ததும் கருகினால் கொஞ்சம் தணலை வெளியே இழுத்துவிடுங்கள். உருண்டையைக் கையாலேயே அழுத்தி ஒரு சாண் அகலத்துக்கு விரித்துக் கல்லில் போடுங்கள். அரை நிமிடத்தில் மேலே சின்னச் சின்னக் கொப்புளம் எழும், ஓரம் வெளிறி உலரும், அடியில் அங்கங்கே கருந்தேமல் விழும். அந்தத் தேமல் விழ 2 நிமிடம் ஆகும். கல்லை இறக்கி, மாவைத் திருப்பி, வெந்த பக்கம் மேலே இருக்க, அதில் தொக்கைத் தடவி, சீஸ், மெல்லிய வெங்காயம், குடைமிளகாய். கொஞ்சமாகவே போடுங்கள், குவித்தால் வேகாது.

அப்புறம் தணலைப் பாதியாகக் குறைத்துக் கல்லை ஏற்றி, குழிவான இரும்பு மூடியால் மூடி, பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் செய்வதுபோல மூடியின் மேலும் இடுக்கியால் கங்கு அடுக்குங்கள். 4 நிமிடம். மூடியைத் தூக்கும்போது கங்கை முதலில் எடுத்துவிட்டு, சாம்பலை ஊதி, நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் அத்தனை சாம்பலும் சீஸில்தான். உருகின சீஸ் ஓரத்தில் கல்லைத் தொட்டு முறுகியிருக்கும் பாருங்கள், அந்த இடத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவதுக்குக் கல் இன்னும் சூடேறியிருக்கும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படுக்கப்போகும் முன் தணலில் வாளித் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்று, கையை மேலே காட்டினால் சூடே தெரியக்கூடாது.